வீடியோ கேமைப் பார்த்துத் தேவாலயம் கட்ட முடியாது

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயக் கூரை எரிந்து விழுந்தது. புகை அடங்குவதற்குள் இணையத்தில் ஒரு கதை கிளம்பிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் ஒரு வீடியோ கேமில் இந்தத் தேவாலயத்தை அங்குலம் அங்குலமாக உருவாக்கி வைத்திருக்கிறார்களாம், அதை வைத்தே திரும்பக் கட்டிவிடலாமாம். இன்றைக்கும் யாராவது ஒருவர் இதைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார். அந்த கேமில் வரும் கூர்ங்கோபுரம் வியோலே-லெ-தியூக் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1859-இல் கட்டி முடித்தது. புரட்சி வெடித்ததோ 1789-இல்! எழுபது வருடம் கழித்து வரவிருக்கும் கோபுரத்தை அழகுக்காக ஒட்டவைத்த மாடலை நம்பியா கல் ஏற்றுவார்கள்?

உருப்படியான அளவீடு வேறு இருந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010 வாக்கில் லேசர் கருவியை உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி, கட்டடத்தின் மேற்பரப்பில் நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளின் இருப்பிடத்தைப் பதிவுசெய்தார். தீ விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவர் காலமாகிவிட்டார். அந்த உழைப்புக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

ஆனால் லேசர் தொடுவது கல்லின் மேற்பரப்பை மட்டும்தான். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று அது சொல்லாது. நோத்ர தாமில் மரக்கூரைக்கு அடியில் இருக்கும் கல் வளைகூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வெளியே நிற்கும் முட்டுவளைவுகள் உள்பக்கம் தள்ளுகின்றன. எண்ணூறு ஆண்டுக்கால மல்லுக்கட்டு அது. தீயில் வளைகூரை சில இடங்களில் பொத்துக்கொண்டு விழுந்தது. எதிர்ப்பக்கத் தள்ளல் போய்விட்டால் முட்டுக்கொடுத்த வளைவே சுவரை உள்ளே சாய்த்துவிடலாம். அதனால்தான் 28 முட்டுவளைவுகளுக்கும் அடியில் மரச்சாரம் கொடுத்துத் தாங்கினார்கள்.

கணினிக் கணக்கின் அருமை இங்கேதான் தெரிகிறது. விபத்துக்குப் பிறகு பாவ்லோ வன்னுச்சி என்ற பொறியியல் பேராசிரியர் காற்றைக் கணக்கிட்டார். முன்பு மணிக்கு 220 கிலோமீட்டர் வேகக் காற்றையும் தாங்கியிருக்கக்கூடிய கட்டடம், தீக்குப் பிறகு 90-ஐத் தாண்டினாலே ஆபத்து என்றது அவர் கணக்கு. பாரிஸில் அந்த வேகம் அபூர்வமும் இல்லை. சுழற்றிச் சுழற்றிக் காட்டும் முப்பரிமாணப் படம் எதுவும் இப்படி ஒரு எண்ணைத் தராது.

அந்த எண்ணும் நாம் உள்ளே கொடுக்கும் தகவலைப் பொறுத்ததுதான். வெந்த கல்லுக்கு எவ்வளவு பலம் மிச்சம்? அதை யாராவது அருகில் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தார்கள். சுண்ணாம்புக்கல் 300, 400 டிகிரி சூட்டில் செம்மை ஏறும். 800 டிகிரியைத் தொட்டால் சுண்ணாம்புப் பொடியாக உதிரும். கல்லின் நிறத்தைப் பார்த்தே அது எவ்வளவு வெந்தது என்று ஊகித்தார்கள். எரிந்துபோன ஓக் மரக்கூரையையும் கட்டடக்கலைஞர்கள் இருவர் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு சட்டமாகக் கையால் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். புதிய கூரை எழும்பியதில் அந்த வரைபடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே, ஏதோ ஒரு பழங்கட்டடத்தை 'டிஜிட்டலாகப் பாதுகாத்துவிட்டோம்' என்று யாராவது வீடியோ வெளியிட்டால் எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. சுவருக்குள் நிரப்பியிருப்பது என்ன, விரிசல் எந்த வருடத்திலிருந்து எவ்வளவு அகன்றிருக்கிறது, அஸ்திவாரத்துக்குக் கீழே என்ன மண் என்ற மூன்றையும் கேட்கிறேன். பெரும்பாலும் பதிலாக இன்னொரு வீடியோதான் வருகிறது, இந்த முறை பின்னணி இசையோடு.