மூன்றாவது கார்டும் கணக்குதான்

பெண்கள் உலக அமெச்சூர் அணி கோல்ஃப், அதாவது எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பை, நடக்கும்போதெல்லாம் லைவ் ஸ்கோர் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: "மூணு பேர் ஆடுறாங்க, ரெண்டு பேர் ஸ்கோர்தான் சேருது, அப்புறம் மூணாவது ஆள் எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் போட்டியின் உயிரே அந்த மூணாவது ஆளிடம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. நாட்டுக்கு மூன்று பேர். நான்கு நாள், நாளுக்கு 18 ஹோல், ஸ்ட்ரோக் பிளே, அதாவது அடித்த அடிகளை (ஸ்ட்ரோக்) எண்ணுவது, குறைவாக அடித்தவரே மேல். அன்றன்றைக்குக் குறைந்த இரண்டு ஸ்கோர் மட்டும் கூடும். 69, 72, 80 என்று வந்தால் அணிக்கு 141. அந்த 80 என்பது 95 ஆனாலும் அதே 141தான். ஒருவரின் ஒரு நாள் ஸ்கோர் தாள்தான் கார்டு. மொத்தம் 12 கார்டில் 8 சேரும், 4 கழியும். ஒவ்வொரு ஹோலிலும் சிறந்த இரண்டை எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 18 ஹோலும் முடிந்த மொத்தத்தைத்தான் எடுப்பார்கள். அதனால் இரண்டாமவரும் மூன்றாமவரும் சமமாக வந்துகொண்டிருக்கையில் ஒருவர் 17-ல் டபுள் போகி (அந்த ஹோலுக்கு விதித்த அடிகளான 'பார்'-ஐ விட இரண்டு கூட; ஒன்று கூடினால் போகி) போட்டால் போர்டில் அணியின் எண் அசையாது. பார்ப்பவர்கள் "ஒண்ணும் ஆகல" என்பார்கள். ஆகியிருக்கிறது. காப்பாக இருந்த மூன்றாவது ஸ்கோர் போய்விட்டது, மற்றவர் 18-ல் போடும் போகி நேரே அணியின் தலையில் விழும்.

காப்பு போக வேறு வழிகளும் உண்டு. ஒரு ஹோலில் 5 அடித்துவிட்டு 4 என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டிஸ்குவாலிஃபை, அன்றைய கார்டு காலி. உடம்பு முடியாமல் பாதியில் விலகினாலும் அதே கதை. மீதி இரண்டு பேரில் ஒருவர் அன்று 83 அடித்தால், அந்த 83-ஐ மறைக்க ஆள் கிடையாது.

ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தால் போதாது என்பதற்கு 2014-ல் ஜப்பானின் கருயிசாவாவில் நடந்த போட்டி சாட்சி. கனடாவின் புரூக் ஹெண்டர்சன் நான்கு நாளில் 269, பாருக்கு 19 கீழே. களத்தில் அவர்தான் முதல். தனிநபருக்கென்று அதிகாரப்பூர்வமான பரிசு இந்தப் போட்டியில் கிடையாது. கோப்பை இரண்டே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போனது: மின்ஜி லீ, சூ ஓ, ஷெல்லி ஷின். 1964-ல் பாரிஸ் பக்கத்தில் நடந்த முதல் போட்டியிலேயே பிரான்ஸ் அமெரிக்காவை ஒரே ஸ்ட்ரோக்கில்தான் வென்றது. 2016-ல் கொரியா 21 ஸ்ட்ரோக்கில் ஜெயித்தது போன்ற வருஷங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சர்ச்சைக்குரிய இடம். இரண்டு அணிகள் சமமாக முடித்தால், கூடுதல் ஹோல் ஆடித் தீர்க்கும் பிளே ஆஃப் கிடையாது. கடைசி நாளில் கழித்துப் போட்ட அந்த மூன்றாவது ஸ்கோரை எடுத்து ஒப்பிடுவார்கள். 2006-ல் ஸ்டெல்லன்போஷில் தென்னாப்பிரிக்காவும் ஸ்வீடனும் சமம். இந்த விதியால் ஸ்வீடன் தோற்றது. 2022-ல் பாரிஸில் ஸ்வீடனும் அமெரிக்காவும் 559-ல் சமம். அமெரிக்க அணியில் அப்போது உலகின் முதல் நிலை அமெச்சூரான ரோஸ் ஜாங். இந்த முறை அதே விதி ஸ்வீடனுக்குக் கோப்பையைக் கொடுத்தது.

"காகிதத்தில் தீர்ப்பு எழுதுகிறார்கள்" என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது பிளே ஆஃபைவிட நியாயமாகப் படுகிறது. மூன்று பேர் அணியின் முடிவை ஒருவரின் ஒரு பட்டில் (பந்தைக் குழிக்குள் தட்டும் அடியில்) தொங்கவிடுவதைவிட, மூன்றாமவர் நாள் முழுக்க ஆடிய 18 ஹோலைப் பார்ப்பது மேல். என் குறை வேறு: ஏன் நான்காம் நாள் மட்டும்? கழிந்த நான்கு கார்டையும் கூட்டலாமே. ஒரு நாள் மூன்றாவது ஸ்கோரே இல்லாத அணியை என்ன செய்வது என்று கேட்பார்கள். கடைசி நாளிலும் அந்தச் சிக்கல் வரத்தானே செய்யும்.

விதி இருக்கிறபடி இருக்கையில், கடைசி நாள் 18-ல் பாருக்கு நாலு மேலே நிற்கும் பெண்ணுக்கு நாலடி போகி பட் மிச்சம் என்று வையுங்கள். கூட இருப்பவர்கள் வேற்று நாட்டு ஆட்டக்காரர்கள். தன் அணியின் மற்ற இருவர் நல்ல ஸ்கோரில் இருப்பது தெரியும், தன் கார்டு சேராது என்பதும் தெரியும். சும்மா தட்டிவிட்டுப் போகத் தோன்றும் இடம் அது. அந்த பட்டுக்கும் லைன் (பந்து உருளும் பாதை) பார்த்து, வழக்கமான தயாரிப்பு முழுவதையும் செய்து ஆட வேண்டும் என்று கேப்டன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

அணி தேர்வில்தான் இது இன்னும் சுவாரஸ்யம். இருவர் தினமும் 71 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் நாலு நாளும் 74, மொத்தம் 296. மற்றவர் 67, 79, 68, 81, மொத்தம் 295. ஏறக்குறைய ஒரே ஆட்டம் மாதிரித் தெரியும். ஆனால் 74-காரரால் அணிக்கு ஒரு ஸ்ட்ரோக்கும் குறையாது. அடுத்தவர் முதல் நாள் 4, மூன்றாம் நாள் 3, ஆக 7 ஸ்ட்ரோக் குறைத்துக் கொடுக்கிறார். அவருடைய 79-ம் 81-ம் கழிந்துவிடும். கணக்குப்படி ஏற்ற இறக்கம் உள்ளவர்தான் லாபம். ஆனால் அணி சமத்தில் முடிந்தால் அதே 81 கவிழ்த்துவிடும், மற்ற இருவரில் ஒருவர் விழுந்தாலும் கவிழ்த்துவிடும். தினமும் 71 தரும் இருவர் நிஜமாகவே கையில் இருந்தால் 67-காரரை எடுங்கள். பெரும்பாலான நாடுகளுக்கு அப்படி ஒருவர் கிடைப்பதே அபூர்வம். அவர்களுக்கு 74-தான் சரி.