பிள்ளைகளோடு குமரிக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், சென்னையில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் சொந்தக்காரர்கள் கூப்பிட்டு விடுவார்கள். "பிள்ளைகளோட வர்றோம், குளிக்கிறதுக்கு நல்ல பீச் எது?" ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆனால் கிளம்புவதற்கு முன் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடல் பார்ப்பதற்கும் நடப்பதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள கடல். குழந்தைகளை இறக்கிக் குளிக்க வைப்பதற்கு உள்ளதல்ல. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு கடலில் இறங்காமல் போவதா என்கிறார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நமக்குத் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான், அலையைத் தடுக்க நடுவில் பெரிய நிலம் எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயலில் எழும்புகிற அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து உடைகிறது. அதனால்தான் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கிற நாளிலும் திடீரென்று கடல் பொங்கி கரைக்குள் ஏறிவிடுகிறது. கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியிலும் வருகிறது. சுற்றுலா வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்?

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் பக்கத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்து போனார்கள். அன்றைக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. படித்த, இளவயதுப் பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த நாளில் இந்த ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறமும் அதே கரையோரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சின்னப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று ஒருமுறை அருகில் நின்று கவனியுங்கள். அலை வந்து கணுக்காலைத் தொடும், பிள்ளை சிரிக்கும். தண்ணீர் திரும்பிப் போகும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கிற மணலையும் அரித்துக்கொண்டு போகும். பிள்ளை நிற்கிற இடத்திலேயே குழி விழுந்து, உடம்பு பின்னால் சாயும். சரியாக அந்த நேரத்தில் அடுத்த அலை முழங்காலில் வந்து அடிக்கும். அவ்வளவுதான், விழுந்துவிடும். பெரியவர்களே இதில் தடுமாறுகிறோம். நம் மேற்குக் கரையில் பல இடங்களில் நாலு எட்டு வைப்பதற்குள் தரை சடாரென்று இறங்கிவிடும், ஆழம் எவ்வளவு என்று மேலே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. இன்னொன்று, இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ள, நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாகக் கிடக்கிற இடம் தென்படும். "இங்க அலையே இல்ல, இங்க எறங்கலாம்" என்று அங்கேதான் போவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குள் திரும்பி ஓடுகிற வழி பெரும்பாலும் அதுதான். அந்த இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்தபிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையால் செய்ய முடியுமா?

குளித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் திற்பரப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோதையாற்று அருவி, சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக நீச்சல் குளமும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் அங்கேயும் விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

சரி, எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

என்னைக் கேட்டால் முதலில் சொத்தவிளை. நாகர்கோவிலில் இருந்து பக்கம்தான். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல், பின்னால் தென்னை. நிழலுக்கு ஒதுங்க இடம் உண்டு, வயதானவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கண்பார்வையில் விளையாட விடலாம். எங்கள் மாமிக்கு முழங்கால் வலி, மணலில் அதிக தூரம் நடக்க மாட்டார். ஆனால் சொத்தவிளை என்றால் அவர்தான் முதல் ஆளாகக் கிளம்பி நிற்பார், உட்கார்ந்த இடத்தில் இருந்தே கடலைப் பார்க்கலாம் என்பதால். காலையில் ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள், இல்லையென்றால் நாலரைக்கு மேல் போங்கள். நடுப்பகலில் மணல் கொதிக்கும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும், அந்த இரண்டு மாதமும் வேண்டாம். பந்து, மண் தோண்ட ஒரு பழைய கரண்டி, ஒரு வாளி போதும், இரண்டு மணி நேரம் உங்களைத் தேடவே மாட்டார்கள். கடற்கரைச் சாலையிலேயே கொஞ்சம் போனால் சங்குத்துறை. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும்.

அடுத்து வட்டக்கோட்டை. தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து வருகிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் கிடையாது என்பது என் எண்ணம். கன்னியாகுமரியில் இருந்து ஏழு கிலோமீட்டருக்குள்தான். கருங்கல் கோட்டை, உள்ளே சதுரமாக ஒரு குளம், சுவர் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பிள்ளைகளுக்குக் கதையும் சொல்லலாம். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, அதில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு அதே திருவிதாங்கூருக்குப் படைத்தலைவன் ஆகி இந்தக் கோட்டையைக் கட்டினான் என்று சொன்னால், பிடித்துக்கொண்டு வந்தவனை எப்படி நம்பினார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். குளச்சல் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்த வெற்றித் தூணையும் காட்டிவிட்டு வாருங்கள்.

வட்டக்கோட்டையில் கோட்டைக்கு வெளியே கரையில் மணலை ஒரு பிடி அள்ளி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டுங்கள். கருப்பாகத் தெரிவது இல்மனைட், கருஞ்சிவப்பாக மினுங்குவது கார்னெட், இடையிடையே வெள்ளை மணல். ஈரக் கையில் அது அப்பிக்கொள்ளும், தட்டினால் போகாது. இந்தக் கனிமங்களுக்காகத்தான் மணவாளக்குறிச்சியில் அரசு ஆலையே நடக்கிறது. குமரி அம்மனின் கல்யாணம் நின்று போனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப் போனது என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். இரண்டையும் சொல்லுங்கள், பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் செருப்பு கட்டாயம், கருமணல் வெயிலில் அடுப்புக் கல் மாதிரி சூடேறும். கோட்டை தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, சாயங்காலமே மூடிவிடுவார்கள். அஸ்தமனம் பார்க்கலாம் என்று கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். சுவர் மேல் பிள்ளைகளை ஓட விடவும் வேண்டாம்.

முட்டம் அழகுதான். செங்குத்தாகப் பாறை, கலங்கரை விளக்கம், அஸ்தமனம், எல்லாம் சரி. ஆனால் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். பாறையில் பாசி படிந்திருக்கும், வழுக்கும், செல்ஃபி எடுக்க இன்னும் ஒரு எட்டு, இன்னும் ஒரு எட்டு என்று போகத் தோன்றும். பெரிய பிள்ளைகளோடு போங்கள், மேலே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் தங்குகிறவர்களுக்கு தேங்காப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்கிற இடம், ஆறும் தென்னந்தோப்பும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும். ஆற்றுப் பக்கம் தண்ணீர் சாதுவாக இருக்கிறதே என்று பொழிமுகத்தில் இறங்கிவிடாதீர்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களின் படகே அந்த முகத்துவாரத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. மண்டைக்காட்டுக்கு வருகிறவர்கள் கோயில் முடிந்து அப்படியே கரைக்கும் போகலாம், மாசிக் கொடைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிற இடத்தில் அலையாத்திக் காடும் பறவைகளும் இருக்கின்றன. பறவை பார்க்கிற பழக்கம் உள்ள பிள்ளை என்றால் அங்கே ஒரு காலைப்பொழுது போதாது.

கன்னியாகுமரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எப்படியும் போவீர்கள். 2024 டிசம்பர் 30-இல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு படகுக்கு வரிசை இன்னும் நீண்டுவிட்டது, கைக்குழந்தையோடு வெயிலில் நிற்பது கஷ்டம், காலையில் முதல் ஆட்களாகப் போய்விடுங்கள். கடல் சீற்றமோ நீர்மட்டம் தாழ்வோ இருந்தால் படகு ஓடாது. கவுண்டரில் சண்டை போடுவதில் பயன் இல்லை. உதயம் வருடம் முழுக்கப் பார்க்கலாம். சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசியில் இருந்து மாசி வரை வாருங்கள்.

இன்னொரு விஷயம், இதை ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன். நீங்கள் பீச் என்று வருகிற பல இடங்கள் ஒரு ஊர் மக்களின் முற்றம். வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, வள்ளம் ஏறி இறங்குகிறது. வலையை மிதித்துக்கொண்டு போவதும், வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும், நெத்திலி காய்கிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிப்பதும் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கரைமடி, அதாவது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை, இழுத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுத்து, மடி கரையை நெருங்கும்போது மீன் துள்ளுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. ஜூன், ஜூலையில் வந்தால் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அது மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரையின் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

கரையில் நிற்கிற மீனவரிடம் "அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் செருப்பைக் கழற்றுங்கள். கடல் முகத்தைப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள். "மக்களே, அங்கன போவாதீங்க, இன்னைக்கு இழுப்பு கூடுதல்" என்று ஒருவர் சத்தம் போட்டால் அது உங்களை அதட்டுவதற்காக அல்ல. இந்த மாவட்டத்தில் கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்ற முதலில் பாய்கிறவர்கள் அவர்கள்தான்.

கண்ணாடி பாட்டிலை மணலில் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் உள்ள இடம் அது.

கடைசியாக, அதிகாரத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும். புதிதாகச் சிலையும் அலங்கார வளைவும் வைப்பதற்கு முன்னால், குடும்பங்கள் வருகிற ஒவ்வொரு கடற்கரையிலும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் வேண்டும், விடுமுறை நாளில் மட்டும் போதாது, தினமும் வேண்டும். இறங்கக் கூடாத நாளில் தூரத்தில் இருந்தே தெரிகிற சிவப்புக் கொடி வேண்டும். எச்சரிக்கைப் பலகையை மலையாளத்திலும் இந்தியிலும் சேர்த்து எழுத வேண்டும், பக்கத்து மாநிலக்காரர்களும் வடக்கே இருந்து வருகிறவர்களும் நிறைய வருகிறார்கள். அப்புறம் கழிப்பறை. போன கோடையில் ஒரு கடற்கரையில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கர்ப்பிணி ஒருத்தியும் வயதான அம்மா ஒருவரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு உள்ளே போனார்கள், அந்த வீட்டுக்காரி முகம் கோணாமல் விட்டாள். அது அவளுடைய நல்ல மனசு. கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் விட்டு, ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டு வைப்பது உங்கள் வேலை, அதை வருகிற லீவுக்கு முன்னால் செய்யுங்கள்.