பேட்ஜர் வளையை அடைக்காதீர்கள்

பயிரைக் கெடுக்கும் பேட்ஜரை விரட்ட ஒருவர், "தோட்டம் நம்முடையதுதானே, பேட்ஜர் வளையைக் கல் போட்டு அடைத்து அந்துருண்டையும் போட்டுவிட்டால் போய்விடும்" என்று எழுதியிருக்கிறார். பேட்ஜர் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும், இரவில் நடமாடும் ஒரு காட்டு விலங்கு. இங்கிலாந்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி, புழங்கும் வளையை அனுமதியின்றி அடைப்பதே குற்றம். சொந்த நிலம் என்றாலும் அப்படித்தான். 6 மாதம் வரை சிறை, அபராதம் தனி. உள்ளே குட்டிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்துருண்டை, டீசல் எல்லாம் விலங்கு விரட்டியாக அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. நாம் சாப்பிடும் கேரட் விளையும் மண்ணில் அதை ஏன் போட வேண்டும்?

எங்கள் மக்காச்சோளம் இரண்டு வருடம் கதிர் முற்றும் நேரத்தில் போனது. தட்டையைச் சாய்த்துக் கடித்திருந்தது. கம்பியில் சிக்கியிருந்த முடியைப் பார்த்துத்தான் பேட்ஜர் என்று தெரிந்தது: முரட்டு முடி, இரு முனையும் வெளுப்பு, நடுவில் கறுப்பு.

அப்புறம் பலன் கொடுத்தது தாழ்வான மின்வேலிதான். தரையிலிருந்து 10, 15, 20, 30 செ.மீ. உயரத்தில் நான்கு கம்பிகள், பொழுது சாய்வதற்கு முன்பே மின்சாரத்தைப் போட்டு விடிந்த பிறகு நிறுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது அல்ல இது, அது ஆளையே கொல்லும். வேலிக்கென்றே விற்கும் கருவி விட்டுவிட்டுச் சுருக்கென்று மட்டும் அடிக்கும். கம்பியில் புல் படாமல் வெட்டிக்கொண்டே இருங்கள், பட்டால் அடியின் வேகம் குறைந்துவிடும்.