மணிக்கு 10 டாலர் வாங்கிய நார்மா ஜீன்

மர்லின் மன்றோவைப் பற்றி எழுதுகிறவர்கள், பின்-அப் ஓவியர்களுக்கு, அதாவது சுவரில் மாட்டும் கவர்ச்சிப் படங்களை வரைகிறவர்களுக்கு, அவர் மாடலாக நின்ற வருடங்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘கஷ்டகாலம்’ என்பார்கள், இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்தி ‘அந்தக் காலண்டர் விவகாரம்’ என்பார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அது உழைப்பு. நடிப்பின் அரிச்சுவடியை அவர் படித்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

போர்க்காலத்தில் நார்மா ஜீன் (அதுதான் மர்லினின் பழைய பெயர்) விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி. அங்கே படமெடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் கண்ணில் பட்டு, 1945-இல் மாடலிங்குக்கு வந்தார். அடுத்த வருடமே ஏர்ல் மோரன் என்ற காலண்டர் ஓவியரிடம் வேலை கிடைத்தது. மணிக்கு 10 டாலர். 1946-இல் ஃபாக்ஸ் சினிமா நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, மறு வருடமே கழற்றிவிட்டது. அப்புறம் இன்னொரு சினிமா நிறுவனமான கொலம்பியாவும் ஆறே மாதத்தில் அனுப்பிவிட்டது. மோரனின் ஸ்டுடியோவுக்கு மட்டும் 1940-களின் கடைசி வரை அவ்வப்போது போய்வந்துகொண்டிருந்தார்.

மோரன் முதலில் மாடலைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கொள்வார். பிறகு அந்தப் படத்தைப் பார்த்து பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் வரைவார். அந்தப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். பின்-அப் படத்துக்கென்று ஒரு குட்டிக் கதை உண்டு: பாவாடை எதிலோ மாட்டிக்கொள்ளும், காற்றில் பறக்கும், அந்தப் பெண் ‘அய்யய்யோ’ என்று கண்ணை விரிப்பாள், ஆனால் முகத்தில் சிரிப்பு போகாது. வசனம் கிடையாது, எதிரே நடிக்க ஆள் கிடையாது. வெறும் ஸ்டுடியோவில் நின்றுகொண்டு, அப்போதுதான் நடந்த மாதிரி திகைத்துக் காட்ட வேண்டும். ஓவியர் கற்பனையில் பாதி வேலை அவள் முகத்தில் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆனால் காலண்டரில் கையெழுத்து ஓவியருடையது மட்டும்தான்.

1954-இல் சினிமாப் படப்பிடிப்பில் நியூயார்க் சுரங்க ரயில் காற்றில் மர்லினின் வெள்ளை கவுன் பறந்ததே, அது ஒரு பின்-அப் ஓவியம் உயிரோடு எழுந்து நின்றது போலத்தான். அந்தச் சிரிப்பும் தடுமாற்றமும் அன்றைக்குத் திடீரென்று வந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை.

காலண்டர் விவகாரத்துக்கு வருவோம். 1949 மே மாதம் புகைப்படக்காரர் டாம் கெல்லி எடுத்த நிர்வாணப் படங்களுக்கு அவர் வாங்கியது 50 டாலர். காலண்டர் லட்சக்கணக்கில் விற்றது. 1953-இல் அதில் ஒரு படத்தின் உரிமையை 500 டாலருக்கு வாங்கித்தான் ஹியூ ஹெஃப்னர் தன் ‘பிளேபாய்’ பத்திரிகையின் முதல் இதழை விற்றார். மர்லினுக்கு அந்த 50 டாலருக்கு மேல் ஒரு காசு வரவில்லை. 1952-இல் விஷயம் வெளியே வந்து சினிமா ஸ்டுடியோ பதறியபோது, அவர் மறைக்கவில்லை. ஆமாம், நான்தான், கையில் பணம் இல்லை, அதனால் செய்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். ரசிகர்கள் அவரை ஒதுக்கவும் இல்லை. எழுபது வருடம் கழித்தும் குரலைத் தாழ்த்துகிறவர்கள் அந்த 50-ஐயும் 500-ஐயும் பற்றிச் சத்தமாகப் பேசட்டும்.