தொப்புளைச் சுற்றி 14 ஊசி

போன வாரம் பூனை பிறாண்டிய கையோடு அரசு மருத்துவமனையின் ஊசி அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. உடன் வந்த பையனின் கெண்டைக்காலில் நாய்ப் பல் இறங்கிய இரண்டு குழிகள், மேலே அப்பிய மஞ்சள். நர்ஸ் அழைத்ததும் அந்த அம்மா பையனின் சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"கையில்தான் அம்மா போடுவோம்" என்றார் நர்ஸ்.

"தொப்புளைச் சுற்றி 14 போடுவார்களே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தா அந்த 14-ஐயும் போட்டுக்கொண்டவர். வயிறு கல்லாக இறுகி, வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் திண்ணையில் கிடந்த கதையைப் பாட்டி சொல்லிச் சொல்லியே நாங்கள் நாயைக் கண்டால் தெருவை மாற்றினோம். (பூனையைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.)

1885 ஜூலை 6 தொடங்கி பாரிஸில் ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் கொடுக்கச் செய்த வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வயிற்றில்தான் போடப்பட்டது, மொத்தம் 13. வெறிநோய் ஏற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்த மருந்து அது. பாஸ்டர் வேதியியலாளர் என்பதால் ஊசியைப் பிடித்தவர் வேறொரு மருத்துவர். பையன் பிழைத்தான். 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது.

தாத்தாவுக்குப் போட்டது இமாச்சலத்தின் கசௌலியில் பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் செம்பிள் உருவாக்கிய வகை. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, பீனால் சேர்த்துக் கொன்று எடுப்பார்கள். மலிவானது, எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குக் கைகால் விழுந்துபோனது. உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே கைவிடச் சொல்லியும், இந்தியாவில் 2004 இறுதிவரை அது ஓடியது. ஏழைகள்தான் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே ஊசிக்குப் பயப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று திட்டும் படித்த நண்பர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பயம் பட்டுத் தெரிந்துகொண்டது. பழைய மருந்து மோசமாகத்தான் இருந்தது, இப்போது மாறிவிட்டது என்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டிருக்க வேண்டியது நாம். நோயின் அறிகுறி தெரிந்த பின் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை. அந்த வயிற்று ஊசிக்கு அஞ்சி வீட்டிலேயே மஞ்சளும் மிளகாயும் தடவுவதன் விலை அது. கடித்தவுடன் முதலில் தேவை, குழாயடியில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது.

பையனுக்குக் காயத்தைச் சுற்றிச் சீரம் (கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து) போட்டபோது அலறினான். இரண்டு தோளிலும் தடுப்பூசி போட்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார்.

"நாலு நாள்தான் வருகிறது. மிச்சம் 10?"