மீசை வரைந்தால் டாடாயிசம் ஆகிவிடாது

ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்தையும், அதன்பின் என் பக்கத்தில் நடந்த கேலிகளையும் நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். “மீம்தான் இன்றைய டாடாயிசம், இரண்டுக்குமே அர்த்தம் தேவையில்லை” என்று பேச்சாளர் சொன்னதை நான் மறுத்தேன். (டாடாயிசம் என்பது முதல் உலகப் போர்க் காலத்தில், கலை மரபுகளையே கேலிசெய்து எழுந்த கலை இயக்கம்.) மறுநாளே என் முகத்தை மோனாலிசாவில் ஒட்டி, மீசையும் வரைந்து அனுப்பிவிட்டார்கள். மீசை நன்றாகவே இருந்தது. என் மறுப்புக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

டாடாயிஸ்டுகள் பொழுதுபோகாமல் அர்த்தத்தைக் கைவிடவில்லை. ஹ்யூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் சூரிச்சில் டாடா பிறந்த இரவு விடுதியான கேபரே வோல்டேரைத் தொடங்கிய அதே 1916 பிப்ரவரியில்தான் முதல் உலகப் போரின் கொடிய சண்டைகளில் ஒன்றான வெர்டூன் போர் தொடங்கியது. நாகரிகம், தேசப்பற்று, கடமை என்று இலக்கணப் பிழையின்றிப் பேசியவர்களே இளைஞர்களைப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சின் மீது நம்பிக்கை செத்துப்போனதால்தான், ஹ்யூகோ பால் நடக்கக்கூட முடியாத அட்டை உடையில், இருட்டில் தூக்கிவரப்பட்டு மேடையில் நின்று, எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளைக் கவிதையாக வாசித்தார். போரை எடுத்துவிட்டு அந்த ஒலிகளை மட்டும் வேடிக்கை என்று காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒற்றுமையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1919இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் மலிவான மோனாலிசா அஞ்சலட்டை ஒன்றில் மீசையும் தாடியும் வரைந்து, கீழே பிரெஞ்சில் வாசித்தால் ஆபாசமாக ஒலிக்கும் ஐந்து எழுத்துகளைப் போட்டதை மீம் செய்யும் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். கை ஒன்றுதான், அந்தக் கையை அசைத்தது எது என்பதே என் கேள்வி. ‘மீமிலும் அரசியல் உண்டு’ என்பவர்களுக்கு: உண்டு, அதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் பேச்சாளர் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

கேலிகளில் என்மீது வீசப்பட்ட ‘மேட்டிமைத்தனம்’ என்ற சொல்தான் வலித்தது. 2019இல் நேசமணிக்காக ட்விட்டரே பிரார்த்தித்தபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தவள். ஓவியக் கல்லூரியில் படித்தபோது பழைய வார இதழ்களை வெட்டி நான் செய்த கொலாஜைப் பார்த்து, “கத்தரிக்கோல் வேலை வேண்டுமென்றால் தையல் வகுப்புக்குப் போம்மா” என்று வகுப்பின் முன்னால் சொன்னார் ஓர் ஆசிரியர். வெட்டி ஒட்டுவதை இளக்காரமாகப் பார்ப்பவர் யார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே ஆண்டு நூலகத்தில்தான் ஹன்னா ஹோஹைக் கண்டெடுத்தேன். பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பூத்தையல், பின்னல் வடிவங்கள் வரைந்து சம்பாதித்த பெண். அரசியல்வாதிகளின் தலைகளையும் நடனக்காரிகளின் உடல்களையும் இயந்திரச் சக்கரங்களையும் வெட்டி ஒட்டி, தன் காலத்து ஜெர்மனியையே ஒரு தாளில் கலைத்துப் போட்டவர். 1920இல் பெர்லின் டாடா கண்காட்சியில் அவரைச் சேர்க்கக்கூடாது என்றவர்கள் வெளியார் அல்லர், சக டாடாயிஸ்டுகளான ஜார்ஜ் க்ரோஸும் ஜான் ஹார்ட்ஃபீல்டும்தான். தன் படைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று இன்னொரு டாடாயிஸ்டான ராவுல் ஹவுஸ்மன் மிரட்டிய பிறகே இடம் கிடைத்தது. அந்தக் கண்காட்சிக்காக ராணுவத்தை அவமதித்ததாக வழக்கு நடந்து க்ரோஸுக்கு அபராதம் விதிக்கப்பட்டதை மறைக்கவில்லை; துணிச்சல்காரர்தான். தோழியிடம் மட்டும் அந்தத் துணிச்சல் வேறு திசையில் போயிற்று. பின்னாளில் நினைவுக்குறிப்பு எழுதிய டாடாயிஸ்ட் ஹான்ஸ் ரிக்டரோ, பணமில்லாத நாட்களிலும் ஹோஹ் எப்படியோ கொண்டுவந்த சாண்ட்விச்சையும் பீரையும் காபியையும் மறக்காமல் குறித்திருக்கிறார். எவ்வளவு பெருந்தன்மை! நாஜிகள் காலத்தில் பெர்லின் ஓரத்து வீட்டில், அந்த நண்பர்களின் படைப்புகளையும் சேர்த்துப் பதுக்கிக் காப்பாற்றியவர் இதே ஹோஹ்.

‘இதற்கும் மீமுக்கும் என்ன சம்பந்தம், பெண்ணியத்துக்கு ஏன் தாவுகிறீர்கள்’ என்று யாரோ இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். மீமின் வேரைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர், பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியவரை விட்டுவிட்டு வேறு எந்த வேரைக் காட்டினார்? உரை முழுவதிலும் ஹோஹின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. கேட்டதற்கு, நேரம் போதவில்லை என்றார். டூஷாம்ப் கலைப்படைப்பென்று கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர் கழிக்கும் கோப்பைக்கு மட்டும் அரைமணி நேரம் இருந்தது.