தொட்டிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே தாவல்

நேற்று இரவு என் மகள் கணினியில் ஒருவனைக் கொல்லப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை முயன்றும் சாகமாட்டேன் என்கிறான் என்று எரிச்சலோடு என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் 2014ஆம் ஆண்டின் ஒரு கோபத்தைப் பற்றி எழுத வேண்டும். அந்தக் கோபத்தில் நானும் இருந்தேன். அப்போது எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்றும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள்.

மகள் விளையாடுவது சிம்ஸ் 4. அறியாதவர்களுக்காக: இதில் வெற்றி தோல்வி கிடையாது. ஆட்களைப் படைத்து, வீடு கட்டிக்கொடுத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெறவைத்து, கிழவராக்கி வழியனுப்பலாம். அந்த ஆட்களுக்குச் சிம்கள் என்று பெயர். யாருக்கும் பொருள் விளங்காத சிம்லிஷ் என்ற மொழியில் பேசிக்கொள்வார்கள். 2000 பிப்ரவரியில் முதல் பாகம் வந்தது. 2004இல் இரண்டாவது, 2009இல் மூன்றாவது, 2014 செப்டம்பர் 2 அன்று நான்காவது. உருவாக்கியது மேக்சிஸ், வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். நான் முதல் பாகத்திலிருந்தே இதில் விழுந்து கிடப்பவள்.

நான்காவது பாகம் வெளியாகச் சில மாதங்களே இருந்தபோது இரண்டு செய்திகள் தெரியவந்தன. நீச்சல்குளம் இருக்காது. நடைபழகும் குழந்தைப் பருவமும் இருக்காது. உடனே ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மனு எழுதிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். முன்பதிவை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. "கற்பனை வீட்டில் கற்பனைக் குளம் இல்லையாம், அதற்கு இவ்வளவு அழுகையா?" என்று என்னிடமே ஒரு நண்பர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது சொல்லத் தெரிகிறது.

குளம் முதல் பாகத்திலேயே இருந்தது. குளத்தில் இறங்கிய சிம் வெளியே வர ஓர் ஏணி வேண்டும். அவன் நீந்திக்கொண்டிருக்கும்போது ஏணியை எடுத்துவிட்டால் சுற்றிச் சுற்றி நீந்தி, களைத்து, மூழ்கிவிடுவான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உலகத்தின் எந்த மூலையில் விளையாடியவரைக் கேட்டாலும் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வார்: ஆமாம், நானும் எடுத்தேன். இந்த விளையாட்டின் மிகப் பழைய பொதுநினைவு அந்த ஏணிதான். அதோடு, வீடு கட்டுவதற்காகவே விளையாடுகிறவர்கள் ஏராளம். வசதி வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைப்புறத்தில் குளம் வெட்டுவார்கள். ஏழைச் சிம் பணக்காரனாகிவிட்டான் என்பதற்கு அடையாளம் அந்த நீலச் சதுரம்.

குழந்தைப் பருவம் இரண்டாம் பாகத்தில் வந்தது. தவழும் குழந்தைக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கழிப்பறைப் பழக்கம் ஏற்படுத்த வேண்டும். அப்பா குனிந்து கையை நீட்டுவார். அது இரண்டு அடி வைத்துத் தொப்பென்று உட்காரும். மறுபடியும் நீட்டுவார். அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டே இருக்கும். அந்தப் பாகத்தில்தான் பிள்ளைக்கு அப்பாவின் மூக்கும் அம்மாவின் கண்ணும் வரத் தொடங்கின. இது யார் ஜாடை என்று திரையை உற்றுப் பார்த்த இரவுகள் எனக்கு உண்டு.

நான்காம் பாகம் வெளியானபோது அதில் குழந்தை என்பது தொட்டிலோடு ஒட்டிய பொருளாக இருந்தது. தூக்கலாம், பாலூட்டலாம், திரும்பத் தொட்டிலிலேயே வைக்க வேண்டும். தொட்டிலை விட்டு எங்கும் கொண்டுபோக முடியாது. பிறகு ஒருநாள் அதற்கு வயது ஏறும். தொட்டிலிலிருந்து பளிச்சென்று எட்டு வயது மதிக்கத்தக்க பிள்ளை எழுந்து நின்று, மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். காப்பு, தால் எல்லாம் இருந்தாலும் அதன் உயிர் எங்கே இருக்கிறது? ஒரு கால் மடக்கித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையில், கைகொட்டும் சப்பாணியில், முத்தம் கேட்பதில், தளர்நடையிட்டு வா வா என்று அழைக்கும் வருகையில், நிலாவைக் கூப்பிடும் அம்புலியில். மேக்சிஸ் கத்தரித்துத் தூரப் போட்டது துல்லியமாக அந்த நடுப்பகுதியைத்தான். தாலாட்டு மட்டும் மிச்சம். அதற்கடுத்த பக்கத்தைத் திருப்பினால் புத்தகப்பை.

என் மகள் பிறந்தது 2013 ஜூனில். விளையாட்டு வெளியான நாளில் அவளுக்குப் பதினைந்து மாதம். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுவாள், கையை விடுவாள், விழுவாள், அழாமல் என் முகத்தைப் பார்ப்பாள். அவளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்தரைக்குக் கணினி முன் உட்கார்ந்தால், அங்கே என் சிம் குடும்பத்துக் குழந்தை ஒரே நொடியில் பெரியவளாகி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒருவித அவமானம். நாள் முழுக்க நான் செய்துகொண்டிருந்த வேலையை இந்த விளையாட்டு வாழ்க்கைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று பட்டது. இதை அன்று எழுதியிருந்தால் தூக்கம் கெட்ட தாயின் புலம்பல் என்றிருப்பீர்கள். அப்படித்தான் இருந்திருக்கும்.

தயாரிப்பாளர்கள் பதில் சொல்லாமல் இல்லை. தயாரிப்புப் பொறுப்பிலிருந்த ரேச்சல் ஃபிராங்க்ளின் ரசிகர்களுக்கு விளக்கம் எழுதினார். அதன் சாரம், புதிய தொழில்நுட்ப அடித்தளம், சிம்களின் அறிவு, உணர்ச்சிகள் ஆகியவற்றில் உழைப்பைச் செலவிட்டோம், பழையவை அனைத்தையும் முதல்நாளே கொடுக்க இயலாது என்பதுதான். நியாயமான பேச்சு போலத்தான் இருந்தது. நாய், பூனை, மழை, பனி இவற்றைப் பாகத்துக்குப் பாகம் தனி விரிவாக்கத் தொகுப்பாகத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குவதை நாங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள். மூன்றாம் பாகத்துக்காக 2011இல் வாங்கிய செல்லப்பிராணிகளை நான்காம் பாகத்துக்காக 2017இல் மறுபடி வாங்கினோம். அதில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. குளமும் குழந்தையும் அந்தக் கணக்கில் வராதவை, அடிப்படைப் பெட்டியிலேயே இருந்தவை. புது வீட்டுக்குக் குடிபோகிறோம், வண்ணவிளக்கெல்லாம் பிரமாதம், அடுப்படியில் அடுப்பைக் காணோம் என்றால் குடிபோனவர் கேட்கமாட்டாரா?

அப்படியானால் அந்த உணர்ச்சிகள்? சிம் கோபப்படும், வெட்கப்படும், உத்வேகம் கொள்ளும். சிரித்துச் சிரித்தே செத்துப்போகும். எழுதுகோலை அவன் உத்வேகத்தோடு எடுத்தால் நல்ல கதை வரும். அருமையான யோசனைதான். ஆனால் அன்று கிடைத்த வடிவத்தில், கணவனை இழந்தவள் அழகான ஓவியங்கள் மாட்டிய அறையில் சற்று நேரம் இருந்தால் மகிழ்ச்சியாகிவிடுவாள். நான் இதைச் சோதனை செய்து பார்த்தேன். அவள் துக்கத்தோடு இருக்கட்டும் என்பதற்காகச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன். இரண்டாம் பாகத்தில் இந்த உணர்ச்சி வசதி இல்லை. ஆனால் கல்லறைப் பக்கம் போன கிழவி அங்கே நின்று அழுதாள், அதற்குத் தனியாக ஓர் உணர்ச்சிப் பட்டை தேவைப்படவில்லை.

ஓரவஞ்சனையாக எழுதவில்லை, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை நேரடியாகப் பிடித்து இழுத்துத் தள்ளி ஆளை உருவாக்கும் முறை அதற்குமுன் இருந்த எதையும்விட மேல். முழு அறையைச் சுவரோடு தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கலாம். மற்றவர் கட்டிய வீட்டை ஒரு சொடுக்கில் இறக்கிக்கொள்ளலாம். சிம்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். இதெல்லாம் உண்மை. கூடவே இதுவும் உண்மை: மூன்றாம் பாகத்தில் எந்தப் பொருளுக்கும் எந்த நிறத்தையும் பூசலாம், நான்காவதில் அவர்கள் கொடுத்த சில நிறங்கள்தான். அந்தச் சோபாவின் பச்சையும் இந்தத் திரைச்சீலையின் பச்சையும் ஒன்றையொன்று ஜென்மப் பகையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவதில் வீட்டிலிருந்து கிளம்பிப் பூங்காவரை இடைநிற்காமல் நடக்கலாம் (கணினி மூச்சுத் திணறும் என்பது வேறு விஷயம்). நான்காவதில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டக்கூட ஒரு லோடிங் திரை. வம்சாவளிப் படம்கூட முதல்நாளில் இல்லை. ஏழு தலைமுறை விளையாடுகிறவர்களிடம் தாத்தா பெயரைக் காட்டும் படம் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லையா?

அந்த மாதத்தில் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்த ஒரே சம்பவமும் உண்டு. சிம்கள் குளிக்கும்போது உடலை மறைக்கக் கட்டம் கட்டமாக ஒரு மங்கல் வரும். திருட்டுப் பிரதியில் விளையாடியவர்களுக்கு மட்டும் அந்த மங்கல் குளித்து முடித்த பின்னும் போகாமல், பரவிப் பரவித் திரை முழுவதையும் மூடியது. அது தயாரிப்பாளர்கள் வைத்த பொறி என்று தெரியாமல், "விளையாட்டில் கோளாறு, சரிசெய்யுங்கள்" என்று பலர் பகிரங்கமாகப் புகார் கொடுத்தார்கள். திருடன் தானே காவல் நிலையத்துக்குப் போய், திருடிய பூட்டு சரியில்லை என்ற கதை. இந்த மூளையில் பாதியைக் குளத்துக்குச் செலவழித்திருக்கலாம்.

குளம் வந்தது, 2014 நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், பேய்கள் வந்தன. இரண்டும் இலவச அப்டேட். குழந்தைப் பருவம் வர 2017 ஜனவரி 12 வரை ஆனது. முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே கொடுத்தார்கள். நன்றாகவும் செய்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுபாவம்: சாது, அடம்பிடிப்பது, வால்தனம் செய்வது, அம்மாவை விட்டு நகராதது. அதற்கும் முந்தைய பருவம், கைக்குழந்தை தொட்டிலைவிட்டு வெளியே வந்து தரையில் புரண்டது, 2023 மார்ச்சில்.

2017 ஜனவரியில் என் மகளுக்கு மூன்றரை வயது. தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்வாள், இடது வலது மாறியிருக்கும். அந்த அப்டேட்டைப் போட்டுவிட்டு, சிம் குழந்தை கையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது.

இனி என் கட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், என்னையும் சேர்த்து. மனுவில் கையெழுத்திட்ட நாங்கள் என்ன செய்தோம்? வாங்கினோம். முன்பதிவை ரத்து செய்வேன் என்று எழுதியவள் ரத்து செய்யவில்லை. குளம் வந்தபோது நன்றி சொன்னோம். குழந்தை வந்தபோது கண்கலங்க நன்றி சொன்னோம். நம் அடுப்பையே இரண்டு வருடம் கழித்துத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினால் அதற்குப் பெயர் பரிசா? பிறகு தொகுப்புக்குமேல் தொகுப்பாக வாங்கினோம். இன்று எல்லாத் தொகுப்புகளையும் முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். முன்பதிவு செய்து காசு கொடுத்தவளின் மகள் ஒரு பைசா செலவில்லாமல் விளையாடுகிறாள்.

இந்த விளையாட்டு பிறந்த கதையைப் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் தெரியும். இதைப் படைத்த வில் ரைட்டின் வீடு 1991இல் ஓக்லாந்து மலைப்பகுதித் தீயில் எரிந்துபோனது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு, மறுபடி வாழ ஒரு மனிதனுக்கு என்னென்ன பொருள்கள் வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவர் யோசித்ததும் இந்த விளையாட்டின் கருவில் சேர்ந்தது. ஆக, "என்னென்ன வேண்டும்" என்ற பட்டியல்தான் இதன் முதல் விதை. 2014இல் எங்கள் கையில் இருந்ததும் ஒரு பட்டியல்தான். குளம், தளர்நடை, தாத்தாவின் பெயர், சுவருக்குப் பொருந்தும் பச்சை. சில்லறை விஷயங்களுக்காக அழுகிறோம் என்றார்கள். சில்லறையைத் தவிர வேறொன்றும் இல்லாத விளையாட்டு அய்யா இது. அரக்கனை வெல்வதும் இல்லை, ராஜ்யத்தைப் பிடிப்பதும் இல்லை.

2024இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வேறொரு செய்தி சொன்னது. நான்காம் பாகத்தை ஓரங்கட்டிவிட்டு வரும் ஐந்தாம் பாகம் என்று ஒன்றும் திட்டத்தில் இல்லை, நான்காவதே தொடர்ந்து வளரும். எனக்கு வந்தது நிம்மதி. மறுபடி ஒரு புது வீட்டில் அடுப்பைத் தேட வேண்டாமே என்ற நிம்மதி. அதை நினைத்து என்மீதே எனக்கு எரிச்சலும் வந்தது. கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச்சில் இன்சாய் என்ற போட்டி விளையாட்டை, முழுதாக முடிக்கும் முன்பே விற்கும் முன்னணுகல் வடிவில் வெளியிட்டு, ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. கார் ஓட்டலாம், விரும்பிய நிறம் பூசலாம், தெருவில் இடைநிற்காமல் நடக்கலாம். நாங்கள் பத்து வருடமாகக் கேட்ட பட்டியலை யாரோ படித்திருக்கிறார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஆட்கள் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் துணிக்கடைப் பொம்மைகள் மாதிரி எனக்குத் தெரிகிறார்கள். வளரும், பார்ப்போம்.

சரி, நேற்று இரவு. முதல் பாகத்து ஏணிக் கதையை நான்தான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். அவளும் குளம் வெட்டி, சோம்பேறிச் சிம் ஒருவனை இறக்கி, ஏணியை எடுத்திருக்கிறாள்.

"அம்மா, ஓரத்தைப் பிடித்து ஏறி வந்துவிடுகிறான். நீங்கள் சொன்னது பொய்."

"அது பழைய ஆட்கள். இவர்களுக்கு ஏணி தேவையில்லை. குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பு."

சற்று நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, வீட்டுச் சுவரின் பச்சை இதில் இல்லையே!"